அம்மாவை எதிர்பார்க்க ஓர் இடம்

கணவர் இறந்தபோது அதிகம் அழாத அம்மா, கடைசிப் பிள்ளையை வழியனுப்பிவிட்டு வந்த பிறகு மாதக்கணக்கில் அழுவதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. "அப்பா போனப்பகூட இவ்வளவு அழலையே, இப்ப என்னம்மா ஆச்சு?" என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். அப்பா போனபோது மகனுக்குப் பொதுத்தேர்வு இருந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டுக் கடன் தவணை நின்றது. பதினாறாம் நாள் வரை வந்து போன உறவுக்கெல்லாம் சமைத்துப் போட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அழ நேரமே கிடைக்கவில்லை. பத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்து, இரவில் கழுவுவதற்கு ஒரே ஒரு தட்டு மட்டும் இருக்கும் நாளில், ஒத்திவைத்த அந்தத் துக்கமும் சேர்ந்து வந்து நிற்கிறது.

அதனால் அவர் "பொழுதே போக மாட்டேங்குது" என்று சொன்னால், டிவிக்குப் புது ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு இழப்புகள் ஒன்றாக வந்திருக்கின்றன. அதன் பிறகு வாழ வேண்டிய காலமும் சின்னதல்ல.

அந்தக் காலம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். இந்தியாவில் 60 வயதை எட்டிய பெண் சராசரியாக இன்னும் சுமார் 19 ஆண்டு வாழ்கிறார். ஒரு பிள்ளையைப் பெற்றுப் பள்ளிப் படிப்பு முடிக்கவைக்க ஆகும் காலம் அது. 1980-களில் திருமணமான பெண்களில் பெரும்பாலோருக்குக் கணவர் ஐந்து வயதாவது மூத்தவர். ஆண்களின் ஆயுளோ பெண்களின் ஆயுளைவிடக் குறைவு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், கணவர் இல்லாத பத்து, பதினைந்து ஆண்டு என்பது நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வழக்கமான வாழ்க்கைக் கட்டம் என்பது புரியும். தமிழ்நாட்டில் 60 கடந்தவர்கள் 2021-ல் நூற்றுக்கு 13.6 பேர் என்றும், 2031-ல் 18 பேருக்கு மேல் இருப்பார்கள் என்றும் மத்திய அரசு அமைத்த மக்கள்தொகை வல்லுநர் குழு கணித்திருக்கிறது. ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், அவர்களுக்கும் வேலை சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ. தனி வீட்டில் தனியாக இருக்கும் அம்மா இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

அந்த அம்மா எதை இழந்தார்? வேலையை என்று பலர் நினைக்கிறார்கள். "இத்தனை வருஷம் உழைச்சது போதும், இனிமே ரெஸ்ட் எடும்மா" என்கிறார்கள். என் பார்வையில் அவர் இழந்தது வேலையை அல்ல, எதிர்பார்க்கப்படுவதை. முன்பு காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸ் தயாராக இருக்க வேண்டும் என்று ஒருவர் எதிர்பார்த்தார். மாலை ஐந்துக்குக் கதவைத் திறக்க ஒருவர் இருப்பார் என்று இன்னொருவர் எதிர்பார்த்தார். இப்போது அவர் எட்டு மணிக்கு எழுந்தாலும் பத்து மணிக்கு எழுந்தாலும் யாருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. ஓய்வு இதற்கு மருந்தாகாது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், அவர் வருவார் என்று குடும்பத்துக்கு வெளியே யாராவது எதிர்பார்க்கும் ஓர் இடம் அவருக்கு வேண்டும். அந்த இடத்தை எப்படித் தேடுவது என்பதுதான் இங்கே பேச வேண்டியது. அதற்கு முன் சாப்பாடு, உடம்பு, பத்திரம் என்று சில அடிப்படைக் காரியங்கள் இருக்கின்றன. அவை சரியில்லாவிட்டால் வேறு எதுவும் நிற்காது.

சாப்பாட்டில் தொடங்குவோம். "எனக்கு ஒருத்திக்கு என்னத்த சமைக்கிறது?" என்ற வாக்கியம் தனியாக இருக்கும் எல்லா அம்மாக்களிடமும் உண்டு. ஒருநாள் வைத்த ரசம் மூன்று நாள் ஓடுகிறது. மதியம் ரசமும் அப்பளமும், இரவு டீயும் பன்னும் என்று ஆகிவிடுகிறது. பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் "பிள்ளைங்க வந்தா வாங்கிக்கலாம்" என்ற பட்டியலுக்குப் போய்விடுகின்றன. ஐம்பது கடந்த உடம்பில் தசை தானாகவே கரையும். புரதமும் குறைந்தால் கரைவது வேகமாகும். கால் தளரும், மாடிப்படி பயமுறுத்தும், வெளியே போவது நிற்கும். மனச்சோர்வு என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி தட்டிலிருந்தே வருகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது பக்கத்து வீட்டு அம்மாவோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள். ஒரு நாள் உங்கள் வீட்டில், இன்னொரு நாள் அவர் வீட்டில்.

அடுத்தது உடம்பு. எதிலும் ஆர்வம் இல்லை, தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் வலிக்கிறது, மறதி அதிகம் என்றால் "வயசாச்சு" என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு, கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஆகியவை எல்லாம் மனச்சோர்வு போலவே காட்சி தரும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கக்கூடிய பரிசோதனைகள்தான் இவை. காது மந்தமாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். காது கேட்காதவர் பேச்சுக் கச்சேரிகளிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடுவார். கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவார். உடம்பில் கோளாறு இல்லை, ஆனாலும் வாரக்கணக்கில் மனம் எழவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி பத்திரங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல அம்மாக்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

நம் ஊர் வழக்கத்தில் கணவர் இறந்து ஓராண்டு பண்டிகை கொண்டாட மாட்டார்கள், தலைத்திவசம் வரை நல்ல காரியங்களைத் தள்ளிப்போடுவார்கள். அதே ஓராண்டில் வீட்டையும் நிலத்தையும் நகையையும்கூடத் தொடுவதில்லை என்று சேர்த்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் இருக்கும்போது "எதுக்கும்மா உனக்கு இந்த வீடு, வித்துட்டு எங்ககூட வந்துடு" என்பது பாசமாகவே சொல்லப்படும். பாசம் உண்மையாகவும் இருக்கும். ஆனாலும் ஓராண்டு பொறுங்கள். விற்ற வீட்டைத் திரும்ப வாங்க முடியாது.

தாசில்தார் அலுவலகத்தில் வாரிசு சான்றிதழ் வாங்குவது முதல் வேலை. இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிறகு உங்கள் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் இந்துக் குடும்பத்தில் மனைவி, ஒவ்வொரு பிள்ளை, கணவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. இஸ்லாமியக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கு. "எல்லாம் பசங்களோடதுதானே" என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்த பெண்கள், சட்டம் தங்களுக்கென்று ஒதுக்கிய பங்கு ஒன்று உண்டு என்பதை அறுபது வயதில்தான் கேள்விப்படுகிறார்கள். வங்கிக் கணக்கில் நாமினியாக ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் அந்தப் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர், உரிமை வாரிசுகளுக்கு.

கணவர் அரசு வேலையில் இருந்திருந்தால் குடும்ப ஓய்வூதியம் வரும், அதைப் பெரும்பாலும் அலுவலகத்தாரே சொல்லிவிடுவார்கள். தனியார் மில்லிலோ கம்பெனியிலோ பி.எஃப். பிடித்திருந்தால் அதிலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பணியில் இருக்கும்போது இறந்தவர் என்றால், ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தாலே அந்த உரிமை வந்துவிடும். குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய்தான், சின்னத் தொகைதான். என்றாலும் உங்களுடையது. ஆதரவற்ற விதவைகளுக்கும் முதியோருக்கும் தமிழக அரசு தரும் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. கையில் மொத்தமாகப் பணம் இருந்தால், 60 வயது கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்குக்கு வந்துவிடும். அதிக வட்டி தருகிறோம் என்று வீடு தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். போலீஸ் என்றோ வங்கி என்றோ சொல்லி போனில் மிரட்டிப் பணம் பறித்தால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் மறைத்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

எழுதிவைப்பதில் ஒரு வேறுபாடு முக்கியம். உயில் என்பது நீங்கள் போன பிறகு நடைமுறைக்கு வருவது. உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பத்திரம் என்பது பதிவு செய்து ஒப்படைத்ததுமே சொத்து கைமாறிவிடுவது. "எப்படியும் அவனுக்குத்தானே" என்று செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, சொந்த வீட்டிலேயே விருந்தாளிபோல நடமாடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வாழும் உரிமை எனக்கு, என்னைப் பராமரிக்கத் தவறினால் பத்திரம் செல்லாது என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-ஆம் பிரிவு, அப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பெற்றோருக்குச் சாதகமாகவே விளங்கிக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண் வழிகாட்டும்.

இத்தனை விவரம் எதற்கு என்றால், தன் பெயரில் கூரையும் தன் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும் பெண்ணால்தான் "நான் இனி இதைச் செய்யப் போகிறேன்" என்று சொல்ல முடியும். மற்றவர்கள் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

அனுமதி என்றதும் நினைவுக்கு வரும் இன்னொன்று, சடங்கு. தாலியையும் பூவையும் பொட்டையும் எடுத்துவிட்ட பிறகு ஒரு பெண்ணை நல்ல காரியத்தின் முன்வரிசையிலிருந்தும் எடுத்துவிடுகிறார்கள். பெற்ற மகளின் நலங்குக்குக்கூட அம்மா பின்கட்டில் நிற்கிறார். இப்படி ஆண்டுக்கணக்கில் ஒதுங்கிப் பழகியவரிடம் திடீரென்று "வெளியே போய் நாலு பேரோட பழகும்மா" என்றால் அவருக்குக் கால் எழாது. இந்த வழக்கத்தைத் தூக்கிப்போடும் நேரம் வந்துவிட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம், கணவர் இறந்ததும் மனைவியின் வளையலை உடைப்பதையும் குங்குமத்தை அழிப்பதையும் 2022 மே மாதம் கிராமசபைத் தீர்மானம் போட்டு நிறுத்தியது. விதவை என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வராமல் தடுப்பது நாகரிக சமூகத்தில் நடக்கக் கூடாத ஒன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்துக் கோயில் ஒன்றைப் பற்றிய வழக்கில் கண்டித்தது. தீர்ப்பு வந்தாலும் வீட்டுக்குள் மாற்ற வேண்டியது பிள்ளைகள்தான். அடுத்த விசேஷத்தில் முதல் ஆரத்தித் தட்டை அம்மா கையில் கொடுங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது அந்த இடத்தைத் தேடுவதற்கு வருவோம். நீங்கள் எடுக்கும் வேலை எதுவாக இருந்தாலும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நான் ஒரு நாள் போகாவிட்டால் யாராவது "ஏன் வரலை?" என்று கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் அது சரியான இடம். கேட்க மாட்டார்கள் என்றால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கும் வேண்டியதுதான். ஆனால் காலையில் உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்பும் வலு அதற்கு இல்லை.

கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் போய்ச் சுற்றிக் கும்பிட்டு வருவது மனதுக்கு நல்லது. அதே கோயிலில் ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக் குழுவில் சேர்ந்து பிராகாரம் பெருக்கி, விளக்கைத் துலக்கினால் அங்கே உங்களுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. திருவாசகம் முற்றோதல் நடத்தும் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. காலையில் உட்கார்ந்தால் சேர்ந்து ஓதி முடிக்கச் சாயங்காலம் ஆகும், நடுவில் அன்னம் பாலிப்பும் உண்டு. தேவாலயங்களில் மாதர் சங்கமும், நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவும் இருக்கின்றன. யாரோடும் பேசாமல் இருந்த ஓர் அம்மாவை இப்படி ஒரு குழு ஆறு மாதத்தில் மாற்றிவிடும்.

கைவேலை இன்னொரு வழி. நாற்பது ஆண்டு சமைத்த கைக்கு ஒரு விலை உண்டு என்பதை அம்மாக்கள் நம்புவதே இல்லை. பருப்புப் பொடி, சாம்பார் பொடி, சித்திரை வெயிலில் போடும் கூழ்வடகமும் மோர்மிளகாயும், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கேட்டு வாங்கும் பொருள்கள். வீட்டிலேயே சிறிய அளவில் செய்து விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் எளிய பதிவு போதும், கட்டணமும் சொற்பம். முதலில் ஒரே ஒரு பொருள், பத்து வீடு என்று தொடங்குங்கள். கடன் வாங்கி மாவரைக்கும் மிஷின் போடுவதெல்லாம் ஓராண்டு கழித்து யோசிக்கலாம். கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி எண்பது வயதுவாக்கில் விறகடுப்பில் இட்லி ஊற்றி, ஒரு ரூபாய்க்கு விற்றதை 2019-ல் நாடே பேசியது. அவருக்குக் கிடைத்தது பெரிய லாபம் அல்ல. விடிந்ததும் பசியோடு வந்து நிற்கும் கூலித் தொழிலாளர்கள் அவருடைய திண்ணையை எதிர்பார்த்தார்கள்.

பிள்ளைப்பேற்றுப் பத்தியச் சமையலும் அப்படித்தான். பிரசவ லேகியம் கிண்டவும், பூண்டுக் குழம்பு வைக்கவும், பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டவும் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. தனிக்குடித்தன வீடுகள் அந்தக் கைகளைத் தேடுகின்றன. மரியாதையான ஊதியமும் தருகின்றன. இதில் ஒரு எச்சரிக்கை: குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, ஆறு மாதத்துக்குள் சர்க்கரைத் தண்ணீரோ, ஒரு வயதுக்குள் தேனோ கொடுப்பது ஆகியவற்றை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பழைய பழக்கங்களை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டு போகலாம்.

காசு முக்கியமில்லை, மனிதர்கள் வேண்டும் என்பவர்களுக்குக் கேட்பதே ஒரு வேலை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஒன்றைச் செய்தார். நாட்டில் மனநல மருத்துவர்கள் கைவிரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். அவர் ம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களைச் சேர்த்து, மனம் உடைந்து வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்று பயிற்சி கொடுத்து, மருத்துவமனைக்கு வெளியே மரபெஞ்சில் உட்காரவைத்தார். பத்தாண்டு கழித்து வெளிவந்த ஆய்வு, அந்தப் பெஞ்சில் பாட்டியோடு பேசியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்ததாகக் காட்டியது. நம் ஊரில் அப்படிப் பெஞ்சு போட்டு யாரும் கூப்பிடாமல் இருக்கலாம். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்ளும் மருமகள் ஒரு மணி நேரம் வெளியே போக முடியாமல் தவிக்கிறார். செவ்வாய், வெள்ளி மாலை நான்கு முதல் ஐந்து வரை நான் வந்து உட்காருகிறேன் என்று நீங்கள் சொன்னால், அந்த வீடு உங்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னும் வழி அதிகம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழைத் தடுக்காமல் வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கும் ஒருவர் போதும். கிளை நூலகத்திலோ வீட்டுத் திண்ணையிலோ மாலையில் அதைச் செய்யலாம். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூலை வாசித்துப் பதிவு செய்து தர எல்லாக் கல்லூரி ஊர்களிலும் ஆள் தேவைப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ள இப்போதும் காலம் போய்விடவில்லை. கேரளத்தின் கார்த்தியாயினி அம்மா 96 வயதில், 2018-ல், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அன்று முப்பது வயதில் பாவாடை தாவணிப் பெண்களோடு சேர்ந்து சைக்கிள் மிதித்தவர்கள் இன்று அறுபதைக் கடந்திருப்பார்கள். ஒரு முறை கற்றுக்கொண்டவர்களுக்கு இன்னொரு முறை கற்றுக்கொள்வது கடினமல்ல.

குழுவாகச் சேர்வதை நான் பெரிதும் பரிந்துரைப்பேன். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. வயதானால் குழுவிலிருந்து விலக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் முதியோருக்கென்றே தனிக் குழு அமைக்கலாம், ஐந்து பேர் இருந்தாலே போதும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரக் கிராமங்களில் ஹெல்ப்ஏஜ் இந்தியா முதியோர் சுய உதவிக் குழுக்களை உருவாக்கியது. எல்லாவற்றையும் கடல் கொண்டுபோன பின்னும் அவர்கள் சேமித்தார்கள், கடன் கொடுத்து வாங்கினார்கள். ராஜஸ்தானின் திலோனியாவில் இருக்கும் பேர்ஃபுட் கல்லூரி, சூரிய விளக்கு அமைக்கும் பயிற்சிக்குக் கிராமத்துப் பாட்டிமார்களையே தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் சொல்கிறது: இளைஞர்கள் கற்றுக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுவார்கள், பாட்டிகள் ஊரிலேயே இருப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஊரைவிட்டுப் போன பிறகு மிச்சமிருப்பவர் என்று உங்களை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? ஊருக்கு நம்பக்கூடிய ஆள் நீங்கள்தான்.

போக்குவரத்தைப் பற்றி ஒரு சொல். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பத்து ரூபாய்க்கும் மகனிடம் கேட்க வேண்டியிருந்த அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சம்பாதிப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு வகுப்பு, ஒரு குழு, ஒரு பழைய தோழி இருந்தால் தயங்காமல் பஸ் ஏறுங்கள்.

சாதித்தவர்களின் கதைகளைப் படித்துவிட்டு மலைத்துப்போகவும் வேண்டாம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 2013-ல் கணவரை இழந்த பிறகும், எண்பத்தேழு வயதில், நிலமற்றவர்களுக்கு வீடு கட்டித் தரும் வேலையை விடாமல் தொடர்ந்தார். 2020-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் வாழ்நாள் முழுவதும் பொது வேலையில் இருந்தவர். வீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அவரோடு தன்னை ஒப்பிட வேண்டியதில்லை. வாரம் இரண்டு மாலை, ஒரு வீடு, ஒரு பிள்ளை, ஒரு கோயில் என்று இருந்தாலே போதுமானது.

பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அமெரிக்காவுக்கு ஆறு மாதம், பிறகு மகன் வீட்டுக்கு ஆறு மாதம் என்று பல அம்மாக்களின் அறுபதுகள் போகின்றன. அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேரனின் கை பிடித்து நடப்பதற்கு ஈடாக வேறு என்ன இருக்கிறது? ஆனால் அதையே முழு வாழ்க்கையாக ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அந்த வேலை முடிந்துவிடும். ஊரில் அதற்குள் குழு கலைந்திருக்கும், தோழிகளும் விலகியிருப்பார்கள். வீடு மறுபடியும் வெறிச்சோடும். போங்கள், பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் திரும்பி வரும் தேதியோடு போங்கள். அங்கே இருக்கும்போதும் வாரத்தில் ஒரு நாள் முழுதாக உங்களுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

இனிப் பிள்ளைகளுக்கு. அம்மா செவ்வாய்க்கிழமை மாலை எங்கோ போகத் தொடங்கினால், "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், யாராவது ஏதாவது நெனைப்பாங்க" என்று சொல்லாதீர்கள். விழுந்துவிடுவார் என்று பயமாக இருந்தால், நல்ல பிடிப்புள்ள செருப்பும் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் வாங்கிக் கொடுங்கள். வீட்டில் உட்காரவைப்பதைவிட அது நல்ல பாதுகாப்பு. போனில் "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்பதோடு நிறுத்தாமல், அந்தக் குழுவில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். அவர் போகும் நேரத்தில் வீடியோ காலில் கூப்பிடாதீர்கள். அவரை உங்கள் ஊருக்கு அழைக்கும்போது டிக்கெட் போட்டுவிட்டுச் சொல்லாமல், போடுவதற்கு முன்பே "உனக்கு எந்தத் தேதி சௌகரியம்மா?" என்று கேளுங்கள்.